சிபிஜிபி வீடியோக்கள் ஏன் அப்படி இருக்கின்றன?

கேள்வி இதுதான்: நியூயார்க்கின் சிபிஜிபி கிளப்பில் 1970களில் ராமோன்ஸ், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் போன்ற ராக் குழுக்கள் வாசித்த காட்சிகளைப் பார்த்தால், ஒன்றில் வாயும் பாட்டும் ஒட்டுவதில்லை. இன்னொன்றில் பாடுபவர் தலையை ஆட்டினால் முகத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வால் நீள்கிறது. பாதிப் பாட்டில் காட்சி அறுந்துபோகிறது. வேண்டுமென்றே செய்த ஸ்டைலா, எடுக்கத் தெரியாமல் எடுத்ததா?

பெரும்பாலும் அது கணக்கு. ஒரு ரீல் எத்தனை நிமிடம் ஓடும், அறையில் எவ்வளவு வெளிச்சம், கையில் எவ்வளவு காசு, கேமராவை விடிந்ததும் யாரிடம் திருப்பித் தர வேண்டும். இந்த நாலு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் பார்த்த ஒவ்வொரு குறைக்கும் காரணம் சொல்லிவிடலாம். பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றுவது பல வருடமாக என் பிழைப்பு. வருவதில் முக்கால்வாசி கல்யாண கேசட்தான். ஆனாலும் அந்தக் கால டியூப் கேமராக்களோடும் ரீல்களோடும் மல்லுக்கட்டிய கை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த இடம். பவரி தெருவில் 315ஆம் எண். ஹில்லி கிறிஸ்டல் என்பவர் 1973 டிசம்பரில் திறந்தார். கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ் என்ற அமெரிக்க இசை வகைகளின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் அந்தப் பெயர். அந்த மூன்றும் அங்கே எடுபடவில்லை. 1974 வசந்தத்தில் டெலிவிஷன் என்ற குழு வந்தது, ஆகஸ்டில் ராமோன்ஸ் வந்தது. அப்புறம் அந்த இடம் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் கோட்டை ஆனது ஊரறிந்த கதை. நமக்கு வேண்டியது அறையின் வாகு. நீளமாக, ஒடுக்கமாக, ரயில் பெட்டி மாதிரி ஒரு கூடம். ஒரு பக்கம் நீள பார், தாழ்வான மேடை. முக்காலியை நிறுத்தி எடுக்க ஏற்ற இடம் என்று ஒன்று கிடையாது. பின்னால் நின்றால் முன்னால் தலைகள். முன்னால் போனால் பாடுபவரின் எச்சில் லென்ஸில் படும். போதாக்குறைக்கு ஹில்லியின் நாய் உள்ளே தன் இஷ்டத்துக்குத் திரியும், இஷ்டப்பட்ட இடத்தில் இருந்துவிட்டும் போகும். அந்தத் தரையில் கேபிள் இழுப்பதை நினைத்துப் பாருங்கள்.

வெளிச்சமோ மேடையில் நாலைந்து விளக்குகள், அவ்வளவுதான். கண்ணுக்கு அது போதும், ஏனென்றால் நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்ளும். பிலிம் பழகாது. அன்று கிடைத்த வேகமான, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் பதிவாகும் 16 எம்எம் கறுப்பு வெள்ளை பிலிமின் உணர்திறனே 400, 500 ஏஎஸ்ஏ அளவில்தான் இருந்தது. இன்றைய செல்போன் இரவுக் காட்சிக்கு எடுத்துக்கொள்ளும் உணர்திறனோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. லேபில் சொல்லிக் கூடுதல் நேரம் கழுவ வைத்தால், அதாவது புஷ் செய்தால், படம் ஓரளவு வெளிவரும். கூடவே மணல் அள்ளிப் போட்ட மாதிரி கிரெயினும் வரும். கரும் பின்னணியில் ஒரு கன்னம், ஒரு கிதார் முனை, ஒரு கை என்று மட்டும் தெரிகிற அழகு இப்படி வந்ததுதான். பிறகு ஆயிரம் பேர் அதைக் காசு செலவழித்துக் காப்பியடித்தார்கள்.

அடுத்தது ரீலின் நீளம். எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதியே இதுதான். 16 எம்எம்மில் 100 அடி ரோல் போட்டால், வினாடிக்கு 24 பிரேம் கணக்கில் 2 நிமிடம் 45 வினாடி ஓடும். சாவி கொடுத்து ஓட்டும் போலக்ஸ் கேமராவாக இருந்தால் அதுவும் தொடர்ச்சியாகக் கிடையாது. ஒரு முறை முறுக்கினால் அரை நிமிடத்துக்குள் நின்றுவிடும், மறுபடி முறுக்க வேண்டும். சூப்பர் 8 கேட்ரிட்ஜ் 50 அடி. 24 பிரேமில் இரண்டரை நிமிடம், 18 பிரேமில் 3 நிமிடம் 20 வினாடி. இப்போது ராமோன்ஸின் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 ஏப்ரலில் வந்தது, 14 பாட்டு, மொத்தமே 29 நிமிடம். பாட்டுக்குச் சராசரி இரண்டு நிமிடம். ஒரு ரோலுக்கு ஒரு பாட்டு என்று அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். அதே மேடையில் டெலிவிஷன் ஏறினால் கதை வேறு. அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டு ஒன்று ஆல்பத்திலேயே பத்து நிமிடத்தைத் தொடும். 100 அடி ரோலை வைத்துக்கொண்டு அதில் என்ன செய்வீர்கள்? கிதார் சூடுபிடிக்கும் நேரத்தில் நீங்கள் இருட்டில் ரோல் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் காலத்துப் பிலிம் காட்சிகளில் சில குழுக்கள் முழுசாகவும் சில குழுக்கள் துண்டு துண்டாகவும் தெரிவதற்கு, எடுத்தவரின் ரசனையை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

இனி வாய் ஒட்டாத சமாச்சாரம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ‘பிளாங்க் ஜெனரேஷன்’ படத்தின் காட்சிகளாக இருக்கும். அமோஸ் போவும் ஐவன் கிராலும் சேர்ந்து எடுத்து 1976இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். கிரால் வெளியாள் அல்ல. பிராகில் பிறந்து அமெரிக்கா வந்தவர், சிபிஜிபியில் பாடிய பட்டி ஸ்மித் என்ற பாடகியின் குழுவிலேயே வாசித்தவர். மேடையில் இருப்பவர்களுக்கு அவர் முகம் பழகிய முகம். அதனால்தான் கேமரா அவ்வளவு நெருக்கமாகப் போக முடிந்தது. ஆனால் ஒலி? படத்தையும் ஒலியையும் சேர்த்து எடுக்க வேண்டுமானால் வேகம் பிசகாத மோட்டார் உள்ள கேமரா, தனியாக ஒரு நாக்ரா டேப் ரெக்கார்டர், அதைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் எல்லாம் வேண்டும். இவர்களிடம் அதற்குக் காசில்லை. ஆகவே ஊமைப் படமாக எடுத்து, குழுக்களின் டெமோ டேப்புகளையும் வேறு பதிவுகளையும் மேலே ஏற்றினார்கள். வாய் ஒரு பாட்டு பாடும், காது வேறு தடவை பாடியதைக் கேட்கும்.

போவுக்குப் பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களின் மேல் ஆசை உண்டு, அதனால் ஒட்டாததை ஒரு அழகாகவே எடுத்துக்கொண்டார் என்பதும் உண்மை. ஆனால் காசு இருந்திருந்தால் இப்படித்தான் எடுத்திருப்பாரா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். ஒரு வேடிக்கை சொல்லட்டுமா? அக்காலப் பிலிம் கேமராக்கள் தையல் மெஷின் மாதிரி கடகடவென்று சத்தம் போடும். சினிமாக்காரர்கள் அதை அடக்கப் படாத பாடு படுவார்கள். பங்க் கச்சேரியில் மட்டும் அந்தக் கவலையே இல்லை, யார் காதில் விழப்போகிறது!

சரி, வாலுக்கு வருவோம். பிலிமுக்கு வால் கிடையாது, அது வீடியோவின் வியாதி. 1970களின் கையடக்க வீடியோ கேமராவுக்குள் இருந்தது விடிகான் என்ற கண்ணாடிக் குழாய். வெளிச்சம் குறைவாக இருந்தால் அந்தக் குழாய் பழைய பிம்பத்தைச் சட்டென்று மறக்காது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சட்டை போட்டவர் திரும்பினால், அவர் முன்பு நின்ற இடத்திலும் கொஞ்ச நேரம் சட்டை நிற்கும். கூசும் விளக்குக்கு நேராகக் கேமராவைக் காட்டிவிட்டால் இன்னும் மோசம், குழாயில் தழும்பே விழுந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் திருப்பினாலும் படத்தின் நடுவே ஒரு கரும்புள்ளி கூடவே வரும். எங்கள் கடைக்கு வரும் எண்பதுகளின் கல்யாண வீடியோக்களிலும் தாலி கட்டும்போது விளக்கின் வால் மணப்பெண் முகத்தின் மேல் கோடு போட்டுவிட்டுப் போகும். அதே நோய்தான்.

கருவிக்குப் பெயர் போர்ட்டாபேக். சோனியின் அரை அங்குல ரீல் மாடல் ஏறத்தாழ 1,500 டாலர். தோளில் தொங்கும் ரெக்கார்டரே எட்டு கிலோவுக்கு மேல், கேமரா தனி. ஆனால் ஒரு ரீல் போட்டால் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடும், ஒலியும் கூடவே பதிவாகும், லேபுக்கு அனுப்ப வேண்டாம், அன்று இரவே போட்டுப் பார்க்கலாம். மேடையை விட்டு இறங்கிய குழு தன் ஆட்டத்தைத் தானே உடனே பார்ப்பது என்பது அதற்கு முன் இல்லாத வசதி.

1,500 டாலருக்கு எங்கே போவது? அந்தத் தெருவில் வாடகை கட்டவே ஆட்கள் திணறிக்கொண்டிருந்த காலம் அது. இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒரு கதவு திறக்கிறது. மன்ஹாட்டனில் கேபிள் டிவி நடத்த அனுமதி வாங்கிய நிறுவனங்கள், பொதுமக்கள் தாங்களே நிகழ்ச்சி செய்து ஒளிபரப்புவதற்கென்று சேனல் ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 1971இல் அந்தச் சேனல்கள் தொடங்கின. சேனல் என்று இருந்தால் கேமரா வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்படி மன்ஹாட்டன் கேபிளின் பொதுமக்கள் பிரிவில் வேலை பார்த்தவர் பாட் ஐவர்ஸ். 1975 கோடையில், இன்னும் எந்த இசைக் கம்பெனியும் ஒப்பந்தம் போடாத குழுக்களுக்கென்று ஹில்லி ஒரு விழா நடத்தினார். ஐவர்ஸ் நண்பர்களோடு மெட்ரோபோலிஸ் வீடியோ என்ற பெயரில் சேர்ந்து, அதைப் படம் பிடிக்கத் தொடங்கினார். டாக்கிங் ஹெட்ஸும் பிளாண்டியும் ஹார்ட்பிரேக்கர்ஸும் ஆரம்ப நாட்களில் எப்படி இருந்தார்கள் என்று இன்று நாம் பார்க்க முடிவதில் பெரும் பங்கு இந்தக் கூட்டத்துக்கு உண்டு.

அந்தக் கூட்டம் கலைந்த பிறகும் ஐவர்ஸ் விடவில்லை. அதே கேபிள் அலுவலகத்தில் வேலை பார்த்த எமிலி ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்துகொண்டார். இருவரும் பகலில் வேலை, ராத்திரியில் கிளப். அலுவலகக் கருவிகளை மாலையில் தூக்கிப் போய், விடிய விடிய எடுத்து, காலையில் எதுவும் நடக்காத மாதிரி பழைய இடத்தில் வைத்துவிட வேண்டும். டெட் பாய்ஸ், கிராம்ப்ஸ், பேட் பிரெயின்ஸ், இகி பாப் என்று நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகளைப் பதிவு செய்தார்கள். கறுப்பு வெள்ளையிலிருந்து கலருக்கும், ஒற்றைக் கேமராவிலிருந்து பல கேமராவுக்கும் போனார்கள். சினிமாப் பள்ளிக்கூடத்து ஆட்களை விட, அரசு நிபந்தனையால் உண்டான ஒரு அலுவலகத்தில் சாவி வைத்திருந்த இரண்டு பெண்கள் அதிகம் சேர்த்து வைத்தார்கள். பங்க் பற்றிப் பேசுகிறவர்கள் கிழிந்த சட்டையையும் ஊக்கையும் பற்றியே பேசுகிறார்கள், இந்தச் சாவியைப் பற்றிப் பேசுவதில்லை.

‘நைட்கிளப்பிங்’ என்ற பெயரில் 1979 முதல் அவர்கள் இவற்றை அதே கேபிளில் ஒளிபரப்பினார்கள். 1980இல் டான்சட்டீரியா கிளப்பில் வீடியோ பார்ப்பதற்கென்றே ஒரு தனிக்கூடம் அமைத்தார்கள். பாட்டு வீடியோக்களுக்கென்றே வந்த எம்டிவி சேனல் பிறந்தது அதற்கும் பிறகு, 1981 ஆகஸ்டில்.

ஒலி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் அங்கேதான் வருகிறது. போர்ட்டாபேக்கில் ஒலியளவைத் தானே சரிசெய்யும் சுற்று ஒன்று உண்டு. பேட்டி எடுக்க நல்லது. பங்க் கச்சேரியில் வைத்தால் டிரம் அடி விழும்போதெல்லாம் மொத்த ஒலியும் அமுங்கி எழும், ஆஸ்துமாக்காரர் மூச்சு விடுகிற மாதிரி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் மேடை மிக்ஸரிலிருந்தே நேராக ஒரு வயர் எடுப்பார்கள். அதிலும் ஒரு வில்லங்கம். சின்ன கிளப்பில் கிதார் ஆம்ப்ளிபயர் சத்தமே கூடத்தை நிரப்பிவிடும், மிக்ஸருக்குள் முக்கியமாகப் போவது பாடுபவரின் குரல்தான். அந்த வயரை மட்டும் நம்பினால் குரல் தெளிவாக இருக்கும், கிதார் பக்கத்து வீட்டில் வாசிப்பது போலக் கேட்கும். கூடத்தில் ஒரு மைக், மிக்ஸரிலிருந்து ஒரு வயர், இரண்டையும் கலந்தால்தான் கச்சேரி கச்சேரியாகக் கேட்கும். கேட்கும்போது குரல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கிறது என்று இனி உங்களுக்கே தெரியும்.

மற்ற ஊர்களிலும் இதே கணக்குதான். லண்டனில் ராக்ஸி கிளப்பில் ரெக்கார்டு போடும் வேலையில் இருந்த டான் லெட்ஸ், 1977இல் சூப்பர் 8 கேமராவில் எடுத்தார். பங்க் ரெக்கார்டுகளே அதிகம் வெளிவராத நேரம், ஆகவே குழுக்களுக்கு இடையில் அவர் போட்டது ஜமைக்காவின் ரெகே இசை. அவர் படம் எடுக்கிறார் என்று பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான், அட, இதைப் படமாகவே செய்யலாமே என்று தனக்குத் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவில் ஜோ ரீஸின் டார்கெட் வீடியோ. அவர்கள் எடுத்ததில் ஒன்றை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். 1978 ஜூன் 13, நாபா மாநில மனநல மருத்துவமனையில் கிராம்ப்ஸ் வாசித்தது. அரை அங்குல டேப், கறுப்பு வெள்ளை, ஒரே கேமரா, சுமார் இருபது நிமிடம். நியூயார்க்கிலிருந்து 3,000 மைல் வண்டி ஓட்டி வந்தோம் என்று பாடகர் லக்ஸ் இன்டீரியர் சொல்கிறார். உங்களுக்குப் பைத்தியம் என்று யாரோ சொன்னார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை என்கிறார். நோயாளிகள் மேடைக்கு வந்து ஆடுகிறார்கள், மைக்கைப் பிடிக்கிறார்கள். பார்வையாளர் யார், ஆடுபவர் யார் என்று கேமராவுக்கே குழப்பம், அங்கும் இங்கும் திரும்பித் திரும்பித் தேடுகிறது. நாலு கேமரா வைத்து நறுக்கியிருந்தால் அந்தக் குழப்பம் நம் வரைக்கும் வந்திருக்காது.

இவ்வளவு எடுத்தும் ஏன் கொஞ்சமே மிஞ்சியது? வீடியோவின் பெரிய வசதியே அதற்கு எமன். டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தலாம். புது டேப் வாங்கக் காசில்லாதவன் போன மாதக் கச்சேரியின் மேல் இந்த மாதக் கச்சேரியைப் பதிவு செய்வான். தப்பித்தவற்றைக் காலம் பிடித்துக்கொண்டது. காந்தத் துகளை டேப்பில் ஒட்டி வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். அப்படியே ஓட்டினால் டேப்பைப் படிக்கும் மெஷின் தலையில் பழுப்பாக அப்பிக்கொள்ளும், படமும் அதோடு உரிந்து வந்துவிடும். வைத்தியம் கேட்டால் சிரிப்பீர்கள்: டேப்பை அடுப்பில் வைப்பது. சமையல் அடுப்பில் இல்லை, வெப்பம் ஏறி இறங்காத ஆய்வகப் பெட்டியில், 50 முதல் 55 டிகிரி சூட்டில் பல மணி நேரம். ஈரம் போய்ச் சில நாட்களுக்கு டேப் பழைய நிலைக்கு வரும், அந்த அவகாசத்துக்குள் நகல் எடுத்துவிட வேண்டும். ஆர்வக்கோளாறில் வீட்டு மைக்ரோவேவில் வைத்து உருக்கிக் கொண்டுவந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். பிலிமுக்கு இந்தத் தொல்லை குறைவு. பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே பட்டி ஸ்மித் தெரிவார். டேப்பில் ஏதாவது தெரிய வேண்டுமானால் அதே வகை மெஷின் ஒன்று உயிரோடு இருக்க வேண்டும்.

ஐவர்ஸ், ஆம்ஸ்ட்ராங் சேகரித்தவை 2010இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, அங்கே பாதுகாத்து டிஜிட்டலாக்கினார்கள். சிபிஜிபி 2006 அக்டோபர் 15 அன்று பட்டி ஸ்மித்தின் கச்சேரியோடு மூடப்பட்டது, பிறகு அந்த இடம் துணிக்கடை ஆனது. இருப்பதையும் எல்லோரும் எளிதாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் உரிமைச் சிக்கல். எடுத்தபோது வாய்வார்த்தையில் நடந்தது. பிறகு குழுக்கள் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டன. பாட்டின் உரிமை ஒருவரிடம், மேடை நிகழ்ச்சியின் உரிமை இன்னொருவரிடம் என்று போனது. வக்கீல் செலவுக்குப் பயந்தே பல டேப்புகள் பெட்டிக்குள் தூங்குகின்றன.

எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டால், 1974 செப்டம்பரில் ராமோன்ஸ் சிபிஜிபியில் வாசித்த சின்ன வீடியோவைச் சொல்வேன். தெளிவில்லை, ஒலி சுமார், மொத்தம் மூன்று பாட்டு. பாட்டை விட நடுவில் நடப்பதைக் கவனியுங்கள். ஒரு பாட்டு முடிகிறது, அடுத்தது எது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லி, கூட்டத்தின் முன்னாலேயே சிடுசிடுவென்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பிலிமில் எடுத்திருந்தால் பாட்டு முடிந்ததும் மிச்சம் பிடிக்கக் கேமராவை நிறுத்தியிருப்பார்கள். இது டேப், அரை மணி நேரம் இருக்கிறது, நிறுத்த அவசரமில்லை. சண்டை முழுசாகப் பதிவாகியிருக்கிறது.